இரண்டு ஏக்கர் நெல்லை இயற்கை முறைக்கு மாற்றினால் கட்டுப்படியாகுமா?

மாதவரத்தில் இருந்துகொண்டு, பொன்னேரிப் பக்கம் உள்ள இரண்டு ஏக்கர் குடும்ப நிலத்தை இயற்கை நெல்லுக்கு மாற்றினால் லாபம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெல்லாக விற்றால் வராது. அரிசியாக, அதுவும் நேரடியாக வீடுகளுக்கு விற்றால் வரும். நான் செங்குன்றத்தில் நெல் வியாபாரத்தில் இருப்பவன். அதனால் வயலைவிட மில்லையும் மூட்டையையும் பற்றித்தான் அதிகம் சொல்வேன். பணம் கரைகிற இடமும் அதுதான்.

நிலத்தை உறவுக்காரரோ குத்தகைக்காரரோ பார்த்துக்கொள்கிறார், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழே உள்ள விளைச்சலும் செலவும் உதாரணக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலிக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள முறையில் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டை 30 என்று வைப்போம், அதாவது 2,250 கிலோ. 2025-26க்கு மத்திய அரசின் ஆதரவு விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,389 ரூபாய். வரவு சுமார் 53,750. செலவு 32,000 போனால் கையில் 21,750.

இயற்கை முறையில் தூயமல்லி என்ற பாரம்பரிய ரகம் போட்டு முதல் வருடம் 16 மூட்டை, 1,200 கிலோ. அதே விலைக்கு நெல்லாகப் போட்டால் 28,670 ரூபாய்தான். செலவு குறையும் என்று நம்பாதீர்கள். உரம், மருந்தில் மிச்சமாவதைக் களைக்கூலியும் எருவும் எடுத்துக்கொள்ளும். 33,000 என்றே வையுங்கள். நேர் நஷ்டம்.

அதையே அரிசியாக்கினால், ஈரம் காய்வதிலும் தூசியிலும் 5 சதவீதம் போய் 1,140 கிலோ. சின்ன மில்லில் 60 சதவீதம் அரிசி கண்டால் 684 கிலோ. அரைவை, வண்டி, பை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 10 ரூபாய். பழைய லாபம் 21,750 அப்படியே வர வேண்டுமானால் கிலோ 90 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். கடைக்கு 60க்குக் கொடுத்தால் ஏக்கருக்கு 1,200 ரூபாய் மிஞ்சும், அவ்வளவுதான். மூன்றாம் வருடம் மண் தேறி 20 மூட்டை வந்தால் 74 ரூபாயிலேயே பழைய லாபம் வந்துவிடும். முதல் இரண்டு வருடத்தைத் தாங்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் வழியில் வந்தவர்கள் கோபப்படலாம். நான் உரக் கம்பெனிக்காரன் இல்லை. விளைச்சல் குறைவதற்கு இயற்கை முறை மட்டுமே காரணம் என்றும் சொல்லவில்லை. பாதிக் காரணம் ரகம். தூயமல்லி, கிச்சிலி சம்பா, மாப்பிள்ளை சம்பா எல்லாம் உயரமாக வளர்கிறவை. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் சாய்ந்துவிடும், அதனால் ஓரளவுக்கு மேல் மகசூலை ஏற்ற முடியாது. குட்டை ரகத்தை இயற்கை முறையில் போடலாம்தான். ஆனால் பெயர் தெரியாத ரகத்துக்கு யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள்.

எருக் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு, அதில் தழைச்சத்து ஏறத்தாழ 21 கிலோ. தொழு உரத்தில் அரை சதவீதம்தான். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 4 டன் எரு வேண்டும், அதுவும் ஒரே போகத்தில் முழுதாகக் கிடைக்காது. அதனால் எருவை விலைக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம். பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். பத்து நாள் தண்ணீர் கட்டி அழுகவிட்டு நடுங்கள். அதோடு 2 டன் தொழு உரம் போதும். தண்டு முற்றிய பிறகு மடக்கினால் அழுகாமல் கிடந்து, நட்ட பயிர் வெளுக்கும். கொடுங்கையூர்க் குப்பையிலிருந்து எடுத்த உரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள். கலப்புக் குப்பையில் கண்ணாடித் தூளும் ஈயம் போன்ற உலோகங்களும் வரும், மண்ணுக்குள் போனதை வெளியே எடுக்க முடியாது.

களைக்கு 25 செ.மீ. சதுர நடவும் கோனோவீடரும் (கையால் தள்ளும் களைக் கருவி). நட்ட பத்தாம் நாள் ஆரம்பித்து, பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனாலே கைக்களைக்கு ஆள் விட வேண்டிவரும், கிலோவுக்கு ஏழெட்டு ரூபாய் அதிலேயே போய்விடும். புகையானுக்கு (தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி) மருந்து தேடுவதைவிட, எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நட்டு, தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சுவது மேல்.

உங்கள் பகுதிக்கென்று இரண்டு ஆபத்து உண்டு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது 1960களின் கடைசியிலேயே பதிவானது. போர் தண்ணீரின் உப்புக் கடத்துதிறன் (EC) 2 dS/mக்கு மேல் காட்டினால் எந்த முறையிலும் நெல்லுக்குச் செலவழிக்காதீர்கள். இன்னொன்று டிசம்பர் புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த நேரம்தான் தூயமல்லி பால் பிடிக்கும் நேரமும். பள்ளமான வயலில் உயர ரகம் வேண்டாம், மேட்டு வயலில் அரை ஏக்கரில் ஆரம்பியுங்கள். மீதி ஒன்றரை ஏக்கர் பழைய முறையிலேயே ஓடட்டும், அந்த வருமானம்தான் இதைத் தாங்கும்.

இனி மில். செங்குன்றத்தில் ஆந்திர நெல் உட்பட டன் கணக்கில் ஓடுகிற மில்கள்தான் பெரும்பாலும். உங்கள் எட்டு மூட்டையைக் கொண்டுபோனால், எலிவேட்டரிலும் தொட்டியிலும் தங்கியிருக்கும் முந்தைய லாட் உங்கள் அரிசியில் கலந்துவிடும். தூயமல்லியில் குண்டரிசி தெரிந்தால் வாங்கியவர் மறுபடி வர மாட்டார். சின்ன மில்லாகப் பாருங்கள். காலையில் முதல் ஆளாகப் போய், தொட்டியைப் பெருக்கச் சொல்லி, முதல் அரை மூட்டையில் வரும் அரிசியைத் தனியாக எடுத்து வீட்டுக்கோ மாட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உருளை மில்லா என்று கேளுங்கள், பழைய ஹல்லரில் நொய் அதிகம். உச்சி வெயிலில் ஒரே நாளில் காயவைத்த நெல்லும் உள்ளே வெடித்து நொய்யாகும். இரண்டு மூன்று நாள் இளவெயிலில் கிளறிக் காயவைத்து, ஈரம் 13 சதவீதத்துக்கு வந்ததும் மூட்டை கட்டுங்கள்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் அரைக்காதீர்கள். தவிடு முழுதாக நீக்காத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். வண்டுக்கு வைக்கும் மாத்திரையும் இதில் கூடாது. நெல்லாகவே வைத்து, மாதத் தேவைக்கு மட்டும் அரையுங்கள்.

சான்றிதழுக்கு அவசரம் இல்லை. ஏற்றுமதிக்கான தேசியத் திட்டத்தில் ஒருவருடப் பயிருக்கு மாற்றுக் காலமே (ரசாயனத்தை விட்ட பிறகு காத்திருக்க வேண்டிய காலம்) இரண்டு வருடம். ஐந்து விவசாயிகள் சேர்ந்தால், ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்புச் சான்று முறை இருக்கிறது, செலவும் குறைவு. வருடத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்று, நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே கொடுக்கும் சிறு விவசாயிக்கு, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகளில் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஆணையத்தின் இயற்கை உணவுச் சின்னமான ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போடக்கூடாது. ஆனால் பக்கத்து வயல் தண்ணீர் உங்கள் வயல் வழியாகப் பாய்கிறதா என்று பாருங்கள். பாய்ந்தால் வரப்பை உயர்த்தித் தனி வாய்க்கால் எடுக்காமல் ‘இயற்கை’ என்று சொல்லி விற்பது நியாயமில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வரி. உடனே சந்தை முழுக்க 26 கிலோ பை வந்துவிட்டது. மொத்தமாக 26 கிலோ வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் வாரக்கூலியில் 5 கிலோ பாக்கெட் வாங்குகிற வீடு வரி கட்டுகிறது. அரிசி விற்கிற எவனுக்கும் இது உறுத்த வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விற்பனை பயப்படுகிற அளவு பெரிதில்லை. ஒரு ஏக்கர் அரிசி 684 கிலோ. மாதம் 3 கிலோ வாங்கும் 19 வீடு போதும், அரை ஏக்கருக்குப் பத்து வீடு. மாதவரம், பெரம்பூர், கொளத்தூரில் உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் இப்போதே கேளுங்கள். வேறு யாரிடமாவது தூயமல்லி 20 கிலோ வாங்கி, இரண்டிரண்டு கிலோ 90 ரூபாய் வீதம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் எத்தனை பேர் திரும்பக் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆறு பேருக்குக் குறைந்தால் இந்த வருடம் வேண்டாம். பத்தும் நின்றால், போர் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, சம்பா நடவுக்கு 55 நாள் முன்னதாகத் தக்கைப்பூண்டை விதைத்துவிடுங்கள்.