குறைமாதக் குழந்தைக்குக் குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் வரக்கூடிய சிக்கல்கள் யாவை?

குளச்சலில் இருந்து ஒருவர், 29 வாரத்தில் பிறந்த தம் தங்கையின் குழந்தைக்குக் குடல் அழுகல் நோய் வந்து, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, வயிற்றில் ஸ்டோமா (மலம் வெளியேற, குடலை வயிற்றின் மேல் கொண்டுவந்து வைக்கும் திறப்பு) வைத்திருப்பதாகவும், இனி எதற்கு அஞ்ச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் ஸ்டோமாவைப் பாருங்கள். அது ஈரமாகவும் சிவப்பாகவும் இருக்க வேண்டும். கருத்துப்போனால் இரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள தோல் புண்ணாவதும், தையல் இடத்தில் தொற்று வருவதும் உண்டு.

பலர் கவனிக்கத் தவறுவது உப்பிழப்பு. சிறுகுடலில் திறப்பு இருந்தால் சோடியம் மிகுதியாக வெளியேறுவதால், பால் போதிய அளவு சென்றாலும் எடை ஏறாது. சிறுநீரில் சோடியம் அளவைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

குணமான குடல், வாரங்கள் கழித்துத் தழும்பால் சுருங்கலாம். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலம் நின்றால், காலை வரை காத்திராமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அறுவை செய்த இடத்துக்கோ அந்த இரவிலேயே கொண்டு செல்லுங்கள்.

குடலின் பெரும்பகுதி போயிருந்தால் உணவை உறிஞ்சப் போதிய குடல் இல்லாத குறுகுடல் நிலை வரும். அப்போது இரத்தக்குழாய் வழியே செலுத்தும் ஊட்டம் நீள, அதனால் ஈரலில் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலையும் வரக்கூடும். ஆயினும் கர்ப்பத்தின் கடைசி 15 வாரங்களில் சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், இக்குழந்தையின் குடல் இன்னும் வளரும். எவ்வளவு சென்டிமீட்டர் மீதமிருக்கிறது, பெருங்குடல் வாயிலில் உள்ள வால்வு தப்பியதா என்று அறுவை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தங்கை தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.