66ஏ பிரிவு ரத்தான பிறகும் முகநூல் பதிவுக்கு வழக்கு வருவது எப்படி?

கேள்வி: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியிருக்க, முகநூலில் எழுதியதற்காக என் உறவினரை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இது எப்படிச் சட்டப்படி சரியாகும்?

நான் தென் மாவட்டம் ஒன்றில் குற்றவியல் வழக்குகளை நடத்தி வரும் வழக்குரைஞர். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பிரிவு போய்விட்டது, அதைப் பயன்படுத்திப் பழகிய கை போகவில்லை.

2008 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலம் சட்டத்துக்குள் நுழைந்த 66ஏ, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. கணினியிலோ கைப்பேசியிலோ மிகவும் புண்படுத்தக்கூடிய செய்தியை அனுப்பினாலும், பொய்யென்று தெரிந்தே எரிச்சலோ தொந்தரவோ உண்டாக்கும் நோக்கில் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருந்தாலும் 3 ஆண்டு வரை சிறை என்றது அது. யாருக்கு எரிச்சல், எந்த அளவு எரிச்சல் என்பதற்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. அதை முடிவு செய்யும் பொறுப்பு, நடைமுறையில், புகாரை வாங்கும் உதவி ஆய்வாளரின் கையில் விழுந்தது.

விளைவுகளை 2012ஆம் ஆண்டு முழுவதும் நாடு பார்த்தது. ஏப்ரலில், மேற்கு வங்க முதல்வரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பிய ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கைதானார். அக்டோபரில், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவரைப் பிடித்தார்கள். நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முடங்கியதைக் குறித்துக் முகநூலில் கேள்வி எழுப்பிய, மும்பைக்கு அருகிலுள்ள பால்கரைச் சேர்ந்த இளம்பெண்ணும், அந்தப் பதிவுக்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் கைது செய்யப்பட்டார்கள். இத்தனைக்கும் 66ஏ ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஒரு விருப்பக்குறிக்காக ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக முடிந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அந்தக் கைதுகளுக்குப் பிறகு ஸ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில்தான், 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ஆர்.எஃப். நாரிமன் ஆகியோரின் அமர்வு 66ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும், அது பிறரைப் புண்படுத்தினாலும் அதற்காக வாதாடுவதும் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும். பேச்சு தூண்டிவிடும் நிலையை எட்டும்போதுதான் சட்டம் தலையிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. அதே தீர்ப்பு, இணையத்தில் உள்ளவற்றை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவைச் செல்லுபடியாகும் என்றும் சொன்னது. இரண்டு பிரிவுகளையும் பலர் குழப்பிக்கொள்வதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2018இல், ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். தங்கள் ஊரில் புதிதாகப் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்து போனதைப் படமெடுத்து, ஒப்பந்தக்காரரைக் கடுமையாகச் சாடி நான்கு வரி எழுதியிருந்தார். முதல் தகவல் அறிக்கையில், எங்கள் பக்கத்துக் காவல் நிலையங்களில் வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகப் பேசுதல்), 506(1) (மிரட்டல்) ஆகியவற்றோடு 66ஏ பிரிவும் இருந்தது. அது ரத்தாகிவிட்டதே என்று நான் கேட்டபோது, நிலையத்தின் ரைட்டர் மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். பிரிவு முழுதாக அச்சாகியிருந்தது. ரத்தான விவரம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஓர் அடிக்குறிப்பாக இருந்தது. அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தின் கடைசி வரி வரை அவர் ஒருநாளும் படித்ததில்லை, அவ்வளவுதான்.

2021 ஜூலையில் இதே பிரச்சினை உச்ச நீதிமன்றத்தில் எழுந்தபோது, அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபாலும் இதே அடிக்குறிப்பைத்தான் காரணமாகச் சொன்னார். செத்துப்போன பிரிவின் கீழ் அப்போதும் 11 மாநிலங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருப்பதாக மக்கள் குடிமை உரிமைக் கழகம் நீதிமன்றத்தில் தெரிவித்திருந்தது. தீர்ப்பின் நகலை உயர் நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலாளர்களுக்கும் காவல்துறைத் தலைவர்களுக்கும் அனுப்பும்படி 2019 பிப்ரவரியிலேயே உத்தரவிடப்பட்டிருந்தும் நிலைமை அதுதான். கடைசியில், 2022 அக்டோபர் 12 அன்று தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு, 66ஏ பிரிவின் கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவையிலுள்ள வழக்குகளிலிருந்தும் அந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு தீர்ப்பு டெல்லியிலிருந்து ஒரு ரைட்டரின் மேசைக்கு வந்து சேர ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. ஜாதவ்பூர் பேராசிரியர் வழக்கிலிருந்து முழுமையாக விடுபட 2023 ஜனவரி ஆயிற்று.

என்னிடம் வந்த இளைஞரின் வழக்கில் 66ஏ நீங்கியது. மற்ற பிரிவுகள் நின்றன. வளைகுடாவில் வேலை கிடைத்திருந்த நேரத்தில் அவருடைய கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கான காவல்துறை அறிக்கையில் ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று எழுதப்பட்டது. வழக்கு ஒன்றுமில்லாமல் முடியும் வரை வாய்தாவுக்கு வாய்தா நடந்தார். அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எந்த நீதிபதியும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை, ஆனாலும் அவர் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டார். இந்த வழக்குகளில் என்னை வருத்துவது இதுதான். புகார் கொடுப்பவர்களில் பலருக்கும் தேவைப்படுவது இவ்வளவே என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் உறவினரின் விஷயம். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், பிரிவினரிடையே பகை மூட்டுவதற்கான 196, அமைதியின்மைக்கு வழிவகுக்கும் கூற்றுகளுக்கான 353, அமைதியைக் குலைக்கும் நோக்கில் அவமதிப்பதற்கான 352 ஆகியவற்றில் ஒன்றைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆபாசம் என்று சொல்ல இடமிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 சேரும். இவையெல்லாம் உயிருள்ள பிரிவுகள். ஆகவே 66ஏ தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

ஆனால் அவருக்கு வேறு பிடிமானம் இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கரி பகிர்ந்த ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் பதியப்பட்ட வழக்கை, 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ரத்து செய்தது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய பேச்சுக் குற்றச்சாட்டு என்றால், வழக்குப் பதியும் முன், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதே பொருத்தமானது என்று அந்த அமர்வு சொன்னது. சொற்களின் விளைவை எதற்கெடுத்தாலும் அஞ்சி ஆடிப்போகிற மனத்தை வைத்து அளக்கக் கூடாது, உறுதியான மனத்தை வைத்தே அளக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. என்னைக் கேட்டால், 2015க்குப் பிறகு சாதாரணக் குடிமகனுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தீர்ப்பு இதுதான்.

அவரைத் தொலைபேசியில் மட்டும் கூப்பிட்டிருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்து மூலமான அறிவிப்பைப் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. முறையான அறிவிப்பு வந்துவிட்டால் கட்டாயம் போக வேண்டும், தவிர்த்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வழக்குப் பதிவாகியிருந்தால் முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளத்தில் இருக்கும். அதைப் பதிவிறக்கி, பிரிவு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். சர்ச்சைக்குள்ளான பதிவைப் பயத்தில் அழித்துவிட வேண்டாம். அதன் முழு வாசகமும், அதற்கு மேலும் கீழும் இருந்த உரையாடலும்தான் நாளை அவருடைய வழக்குரைஞர் நீதிமன்றத்தில் காட்டப்போகும் முதல் ஆவணம்.