பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நாட்டவர்மீது மட்டும் பழி விழுவது ஏன்?

கோவிட் காலத்தில் குறிப்பிட்ட நாட்டினரையே மக்கள் நோயாகப் பார்த்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்க்குச் சூட்டும் பெயருக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பேன். ‘ஸ்பானியக் காய்ச்சல்’ எனப்பட்ட 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சல் ஸ்பெயினில் தோன்றியதற்குச் சான்றில்லை. உலகப் போரில் நடுநிலை வகித்த அந்நாட்டின் நாளேடுகள் தடையின்றிச் செய்தி வெளியிட்டதால், தணிக்கையால் வாய்மூடிக் கிடந்த நாடுகளின் பழியும் அதன் தலையிலேயே விழுந்தது. நோய்களுக்கு ஊர், நாட்டுப் பெயர்களைச் சூட்ட வேண்டாமென உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. 2021 மே மாத இறுதியில் உருமாறிய கிருமிகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயர்களாக வழங்கியது. அதற்குள் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டா வகையை ‘இந்தியக் கிருமி’ என்றழைக்கும் பழக்கம் பரவிவிட்டிருந்தது.

நம் மலேசியாவிலும் 2020-இல் கெடா மாநிலத்தில் கண்டறியப்பட்ட தொற்றுத்திரள் (ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்றுகளின் கூட்டம்) ‘சிவகங்கா திரள்’ எனப்பட்டது. சிவகங்கையிலிருந்து திரும்பித் தனிமைப்படுத்தலை மீறியவர் ஒருவர். பெயரைச் சுமந்ததோ தமிழகத்து ஊரொன்று.

அந்நாள்களில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி மளிகைக்கடை ஒன்றில் என் முன்னால் நின்ற பெரியவர், கல்லாவில் இருந்த இளைஞரிடம், “தம்பி, எந்த ஊரு?” என்றார். “ராமநாதபுரம் ஐயா, வந்து எட்டு வருஷமாச்சு” என்று பதில் வந்த பின்னும், அவர் மீதிச் சில்லறையைக் கையில் வாங்காமல் மேசைமீது வைக்கச் சொன்னார். (அந்தப் பெரியவருடைய தாத்தாவும் கப்பலேறி வந்தவராகத்தான் இருப்பார்.)