வாசலில் தொட்டி வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: கோழிக் கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன். பறவைக் காய்ச்சலைத் தடுக்க இது போதுமா?

பதில்: போதாது. ஒரு வாரம் கழிந்த தொட்டியில் இருப்பது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர்தான். வெயில் பட்டால் குளோரின் வீரியம் குறையும். எச்சம், மண், கூளம் விழுந்தால் இன்னும் வேகமாகக் குறையும். இந்த வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை இருப்பதால் சோப்புத் தண்ணீரே அதை உடைத்துவிடும். ஆனால் அது எச்சக் கட்டிக்குள் ஒளிந்திருந்தால் எந்தக் கிருமிநாசினி மருந்தும் எட்டாது. குளிர்ச்சியான ஈர எச்சத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

அதனால் இரண்டு தொட்டி வையுங்கள். முதலாவதில் சோப்புத் தண்ணீரும் பிரஷும். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டியதைத் தேய்த்தெடுத்த பிறகுதான் இரண்டாவதில், மருந்தில், கால் வைக்க வேண்டும். மருந்தைத் தினமும் மாற்றுங்கள். கலங்கினால் உடனே மாற்றுங்கள். தொட்டிக்கு மேல் கூரை வேண்டும், இல்லாவிட்டால் மழை வந்து மருந்தை நீர்த்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

எங்களைக் கேட்டால், தொட்டியைவிட வாசலின் குறுக்கே போடும் ஒரு பெஞ்ச்தான் நல்ல காவல். வெளிப்பக்கம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் படவிடாமல் அந்தப் பக்கம் திருப்பி, கொட்டகைக்கென்றே இருக்கும் பூட்ஸில் நுழையுங்கள். கையையும் கழுவுங்கள். ‘லைட்டை மட்டும் அணைத்துவிட்டு வருகிறேன்’ என்று செருப்போடு பெஞ்சைத் தாண்டுகிற அந்த அரை நிமிடத்தில்தான் எல்லாம் கெடும். உள்ளே போடும் பூட்ஸ் வேறு நிறத்தில் இருந்தால் தப்பு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

முட்டை அட்டைகளையும் மறக்காதீர்கள். வெளியே போன காகித அட்டையைக் கழுவ முடியாது, திரும்ப உள்ளே விடாதீர்கள். பிளாஸ்டிக் அட்டையானால் கழுவி, மருந்தில் நனைத்து, காயவைத்து எடுக்கலாம்.

கேள்வி: கோழிகளோடு பத்து வாத்துகளும் மேய்கின்றன. அவை நன்றாகத்தானே இருக்கின்றன?

பதில்: சிக்கலே அதுதான். வாத்துகள் நோய் தெரியாமலே எச்சத்தில் வைரஸைக் கழிக்கக்கூடும். வாத்தையும் கோழியையும் தனித்தனியே அடையுங்கள். காட்டுப் பறவைகள் இறங்கும் குளத்துத் தண்ணீரைக் குளோரின் போடாமல் கோழிக்குக் காட்டாதீர்கள்.

கேள்வி: 800 கோழிகளில் நேற்று 5 செத்தன, இன்று 40. கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்திருக்கின்றன. வெள்ளைக்கழிச்சலாக இருக்குமோ? ஒன்றை அறுத்துப் பார்க்கலாமா?

பதில்: அறுக்கவே கூடாது. பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தால்தான் வித்தியாசம் தெரியும். இன்றே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் வரும்வரை கோழி, முட்டை, எரு, தீவன மூட்டை எதுவும் வெளியே போக வேண்டாம். ‘இருப்பதையாவது விற்றுவிடுவோம்’ என்று தோன்றும். நோய் அடுத்த பண்ணைக்குப் போவது அப்படித்தான். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.

கேள்வி: தடுப்பூசி இருக்கும்போது ஏன் மொத்தக் கோழிகளையும் அழிக்கிறார்கள்?

பதில்: தடுப்பூசி சாவைக் குறைக்கும், தொற்றை முழுதாக நிறுத்தாது. ஊசி போட்ட கூட்டத்தில் வைரஸ் சத்தமில்லாமல் சுற்றினால் கண்டுபிடிப்பதும் கடினம். அதனால் ஊசி போடாத சில கோழிகளை அடையாளத்தோடு நடுவே விட்டு, அவற்றை அடிக்கடி சோதிக்கிறார்கள். பிரான்ஸ் 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது, கண்காணிப்புச் சோதனைகளோடு சேர்த்துத்தான். நோய் புகுந்துவிட்ட கொட்டகைக்கு ஊசி மருந்தல்ல.

கேள்வி: நோய் வந்த காலத்தில் முட்டை சாப்பிடலாமா?

பதில்: நோய் இல்லாத பண்ணையிலிருந்து வந்ததை, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிடலாம். இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள்.