கிட்ட வந்த கைக்கு என்ன பதில்? கராத்தே கேள்வி பதில்

கோண்டாவில் தம்பி ஒருவர்: மாஸ்டர், தூரத்தில் நின்றால் குத்தைத் தடுத்துவிடுகிறேன். எதிராளி கிட்ட வந்துவிட்டால் கை ஓடுவதில்லை. ஏன்?

கையில் பிழையில்லை, தம்பி. நீங்கள் கண்ணை மட்டும் நம்புகிறீர்கள். கண்டு, விளங்கி, கை அசைய ஏறத்தாழ கால் செக்கன் போய்விடும். கைக்கெட்டும் தூரத்திலிருந்து வரும் குத்து அதற்கு முன்பே வந்து சேரும். தொட்டு உணர்ந்ததற்கு உடம்பு இன்னும் விரைவாகப் பதில் கொடுக்கும். அதைப் பழக்கத்தான் கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவில் கக்கியே என்ற இருவர் பயிற்சி இருக்கிறது.

இரண்டு பேரும் வலது காலை முன்வைத்து, சன்சின் நிலையில் (கால்விரல்களை உள்ளே திருப்பி, முழங்காலைச் சற்று மடக்கி) எதிரெதிரே நில்லுங்கள். வலது மணிக்கட்டுகளின் புறப்பக்கங்கள் தொட்டபடி இருக்கட்டும். ஒருவர் உள்ளங்கையைத் திருப்பி மற்றவரின் நெஞ்சை நோக்கித் தள்ளுவார். மற்றவர் அதைத் தட்டிவிடக்கூடாது. தள்ளலை வாங்கி, முழங்கையை இறக்கி, பக்கவாட்டில் திருப்பி, பிறகு தான் தள்ள வேண்டும். மாறி மாறி இதே வேலை. தொடுகை மட்டும் விடுபடக்கூடாது.

இது சீராக வந்தபின் ஒரு விதியைச் சேருங்கள்: எதிராளியின் அழுத்தம் தளர்ந்தால் உடனே நெஞ்சில் ஒரு தட்டு. அப்புறம் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது, நிலை குலைப்பது, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு செய்வது. அடுத்தது என்ன வரும் என்று முன்பே தெரிந்தால் அது வெறும் மனப்பாடம், உணர்வு பழகாது. எந்தக் கட்டத்திலும் முழங்கை விலாவை விட்டு வெளியே போகக்கூடாது. அது போனால் நெஞ்சு திறந்துவிடும்.

நல்லூர் தங்கச்சி ஒருவர்: என்னோடு பழகுபவர் நல்ல பாரமான ஆள். என்னைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

அவருக்கு நேரே முட்டாதீர்கள். தள்ளல் வரும்போது இடுப்பைத் திருப்பி, அதை உங்கள் தோளுக்குப் பக்கத்தால் போகவிடுங்கள். அவர் தன் பலத்தோடு முன்னால் சரிவார், அப்போது தட்டுங்கள். முழங்கை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

சாவகச்சேரி, வயது பதினான்கு: முன்கை இறுக வேண்டும் என்று பனையில் அடிக்கிறேன். எத்தனை தரம் அடிக்க வேண்டும்?

ஒரு தரமும் வேண்டாம். உங்கள் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உவெச்சி ரியூ என்ற இன்னொரு கராத்தே பிரிவில் கோத்தே கித்தாயே என்று முன்கைகளை மோதிப் பழகுவார்கள். அதிலும் எதிரில் ஆள் நிற்பார், வலித்தால் குறைப்பார். பனை குறைக்காது.

மானிப்பாய் அண்ணை ஒருவர்: நான் போட்டிக்காரன். கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நடுவர் நிறுத்திவிடுவார். இந்தத் தள்ளு விளையாட்டு எதற்கு?

போட்டி மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் இது தேவையில்லை. உள்ளே வருவதும் வெளியேறுவதும்தான் அங்கே புள்ளி தரும். ஆனால் 2021இல் தோக்கியோவில் பார்த்த ஒலிம்பிக் கராத்தேதான் முழுக் கராத்தே என்று எண்ண வேண்டாம். கட்டாவில், அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசையில், இடுப்புக்கு இழுக்கும் கை எதற்கு என்று யோசியுங்கள். காற்றை இழுக்கவா? எதிராளியின் மணிக்கட்டு அதற்குள் இருந்தால்தான் அதற்கு அர்த்தம் வருகிறது.

அதே அண்ணை: கட்டாவுக்கு எவரும் தனக்குப் பிடித்த அர்த்தம் சொல்லலாம். உண்மையான அடிதடியில் யாரும் மணிக்கட்டை ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.

நிற்பதில்லை, சரி. கக்கியேயும் சண்டை இல்லை. ஆனால் சட்டையைப் பிடிப்பவன் தொட்டுவிட்டான் அல்லவா? அந்த ஒரு கணத்துக்குத்தான் இந்தப் பயிற்சி.

குத்துச்சண்டை பழகும் பருத்தித்துறைக்காரர் ஒருவர்: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் கட்டிப்பிடித்த நிலையில் நெற்றியாலும் முன்கையாலும் எதிராளியின் பாரத்தை உணர்ந்துதான் அடிக்கிறோம்.

பார்த்தீர்களா, மானிப்பாய் அண்ணை? கையுறை போட்டவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது.

அதே அண்ணை: அவர்கள் எதிர்க்கும் ஆளோடு பழகுகிறார்கள். உங்கள் ஆட்கள் ஒத்துப்போகும் ஆளோடு.

இது நியாயமான அடி. எங்களூர் வகுப்புகள் பலவற்றில் கக்கியே அழகாகச் சுற்றுவதோடு நின்றுவிடுகிறது. ஒருவரும் மற்றவரைத் தோற்கடிக்கப் பார்ப்பதில்லை. அதனால்தான் மேலே அந்தத் தட்டு விதியைச் சொன்னேன். அதற்கு மேல், வாயில் பற்காப்பு போட்டு, கக்கியேயில் தொடங்கி அப்படியே சுதந்திரமாக அடிக்கவும் பிடிக்கவும் விடுங்கள், இரண்டு நிமிடம். முதல் பத்துச் செக்கனில் ஒட்டியிருந்த கைகள் பிரியும், மறுபடி சேரும். எங்கே பிரிந்தது என்று பார்த்துவிட்டு மெதுவான பயிற்சிக்குத் திரும்புங்கள். இரண்டும் வேண்டும், அண்ணை. மெதுவானது மட்டும் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

கொக்குவில்: கக்கியே சீனாவிலிருந்து எடுத்ததா?

வேர் அங்கே. ஹிகாஒன்னா கன்ரியோ (1853–1915) சீனாவின் பூசோ நகரில் பழகித் திரும்பியவர். கோஜு ரியூவை உருவாக்கிய மியாகி சோஜுன் அவருடைய மாணவர். விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையில் கைகளை ஒட்டிப் பழகும் சி சாவும் இதே குடும்பம்தான். யார் பெரியவர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

சுன்னாகம்: வெயிலில் முன்கை வியர்த்து வழுக்குகிறது.

வழுக்கட்டும். இறுக்கிப் பிடிக்க முடியாதபோதுதான் அழுத்தம் தெரியும். நகத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி: எத்தனை மாதத்தில் வரும்?

எவ்வளவு அடிக்கடி பழகுகிறீர்கள், யாரோடு பழகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உரும்பிராய்: மாஸ்டர், வேகமாகச் செய்தால் விரைவில் வருமா? எத்தனை மாதம்?

வேகமாகச் செய்தால் பிழை வேகமாக வரும். மாதக் கணக்குக்கு மேலே திருநெல்வேலிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வட்டுக்கோட்டை: துணைக்கு ஆளில்லை. தனியாகக் கக்கியே செய்யலாமா? எத்தனை மாதம்...

தனியாக முடியாது. தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிடுங்கள். மாதம் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

அச்சுவேலி: சன்சினில் நின்றால் முழங்கால் வலிக்கிறது.

அதை டொக்டரிடம் காட்டுங்கள், என்னிடம் அல்ல. முழங்கையாக இருந்தால் நான் சொல்லியிருப்பேன்.