பம்ப் ஓடுகிறது, பெட்ரோல் வருகிறதா? (கேள்வி பதில்)

டேங்கிலிருந்து, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை பெட்ரோல் வரும் வழியில் என்ன கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முதலில் ஒன்று: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ மூலையில் இருக்கும் பொறியைத் தேடிப் பிடிக்கும். மூடிய ஷெட்டில் வேலை வேண்டாம், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஃப்யூயல் பம்ப் மாற்றிவிடலாமா சார்?

வேண்டாம். பம்ப் போய்விட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது?

சாவியை ஆனில் வைத்துவிட்டு, பின்சீட் பக்கம் காதைக் கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஓரிரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டு நிற்கும். (சில கார்களில் கதவைத் திறந்ததுமே அந்த ஓட்டம் முடிந்துவிடும், சிலவற்றில் செல்ஃப் அடித்தால்தான் பம்ப் ஓடும்.) சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டி). அதே எண் போட்ட ரிலே ஹாரனுக்கும் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை. சில கார்களில் மோதல் நடந்தால் பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது தட்டிவிடும், மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் சரியாகிவிடும்.

சத்தம் கேட்கிறது என்றால் பம்ப் ஓடுகிறது, அவ்வளவுதான். அழுத்தம் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. அழுத்தம் அளக்கும் கேஜ் இல்லாதவர் பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கோளாறை ஸ்பார்க் பக்கம் தேடுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கழற்றிய அந்த பிளக் ஓட்டை அருகே ஸ்பார்க் சோதனை செய்யாதீர்கள், உள்ளிருந்து வருவது பெட்ரோல் ஆவி.

இன்னொன்று: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? பல கார்களில், அது அசையவே இல்லையென்றால் எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். அது போனால் ஸ்பார்க்கும் இருக்காது, இன்ஜெக்டரும் திறக்காது. பம்ப் மாற்றி என்ன பயன்?

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பகலில் பிரச்சினை இல்லை.

நாளைக் காலை சாவியை ஆன் செய்து மூன்று விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் போடுங்கள். உடனே பிடித்தால், இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்காமல் பெட்ரோல் டேங்குக்கே திரும்பியிருக்கலாம். அல்லது இன்ஜெக்டர் ஒன்று ஒழுகலாம். ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வந்து, ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் இரண்டாவதுதான். முதலாவது தொல்லைதான், ஆபத்தில்லை. இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஒழுகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் ஊற்றினால் சரியாகுமா?

இன்ஜெக்டர் நுனியில் லேசான படிவம்தான் காரணம் என்றால் கொஞ்சம் உதவும். பம்ப், ரிலே, வயர் எதையும் சரிசெய்யாது.

பெட்ரோல் போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. அரை டேங்க் இருக்கும்போது ஒன்றுமில்லை.

பர்ஜ் வால்வு. டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் சின்ன வால்வு அது, மூடாமல் திறந்தே நிற்கிறது. கழற்றி வாயால் ஊதுங்கள். கரண்ட் இல்லாதபோது காற்று போகக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் நாசில் தானாக நின்ற பிறகும் விளிம்பு வரை நிரப்பும் பழக்கம் இருந்தால் விடுங்கள்.

ஏசி குளிர்ச்சி குறைந்திருக்கிறது...

அதற்கு வேறு ஆள்.

மேட்டில் பிக்கப் இல்லை, ஸ்கேனரில் பி0171 என்று கோளாறுக் கோடு (code) வருகிறது. மெக்கானிக் பம்ப் மாற்றச் சொல்கிறார். வாங்கியும் வைத்துவிட்டேன்.

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது கணக்கில் வராத காற்று அதிகம் என்று பொருள். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் பாருங்கள். பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் சமாளிக்கிறது என்று அது காட்டும். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) இருபது காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் ஐந்துக்கு இறங்கினால் எங்கோ ஹோஸ் கிழிந்து காற்று உள்ளே போகிறது. ஸ்லோவில் சரியாக இருந்து, மேட்டில் மட்டும் அந்த எண் ஏறினால், தேவைக்கேற்ற பெட்ரோல் வராமல் இருக்கலாம். உங்களுக்கு எது?

குறுக்கிடுகிறேன் அண்ணா, நானும் இந்தத் தொழில்தான். டிரிம் பார்த்தாலே தெரிந்துவிடுமே, இந்தக் காலத்தில் கேஜ் எதற்கு?

தெரியாது தம்பி. காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்கானால் மேட்டில் வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும். அப்போதும் டிரிம் மேட்டில்தான் ஏறும். பலவீனமான பம்பும் அதே படத்தைத்தான் காட்டும். இரண்டையும் எப்படிப் பிரிப்பாய்?

முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, மாஃப் சொல்லும் காற்றின் அளவை எஞ்சின் கொள்ளளவோடும் ஆர்பிஎம்மோடும் ஒப்பிட்டால் போதுமே. சென்சார் பொய் சொன்னால் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

சரி, அது நியாயமான வழி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு காற்று சரி என்று சொல்லும், பெட்ரோல் பக்கத்தில் பம்பா, ஃபில்டரா, வயரா என்று சொல்லாது. மாஃப் இல்லாமல், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில் ஹோஸ் கிழிந்தால் டிரிம் இப்படி ஏறவும் ஏறாது, ஸ்லோ ஆர்பிஎம்தான் ஏறும். எத்தனையோ நல்ல பம்புகள் டிரிமை மட்டும் பார்த்துக் குப்பைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பல கார்களில் கேஜ் மாட்ட இடமே இல்லையே?

உண்மை. பெட்ரோல் குழாயில் டி (T) வடிவ அடாப்டர் போட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டும் முன், எஞ்சின் ஓடும்போது பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, தானாக அணையவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். கேஜை வெளியே கண்ணாடியில் ஒட்டிவைத்து ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் உள்ள குழாய் கேபினுக்குள் வரவே கூடாது. சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் அழுத்தம் 3 முதல் 4 பார் (bar, அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும், உங்கள் காரின் சரியான அளவை மேனுவலில் பாருங்கள். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் காரில் இந்தக் கேஜோடு உயர் அழுத்தப் பக்கம் போகாதீர்கள், அங்கே இருநூறு பாரும் அதற்கு மேலும்கூடப் போகும். அதற்குத் தம்பியின் ஸ்கேனர்தான் சரி.

டீசல் கார். டீசல் லைனில் ஏர் புகுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் வெளியேற்றலாமா?

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் எஞ்சின்) என்றால் தொடவே தொடாதீர்கள். பழைய டீசல் எஞ்சினில் செய்த பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும். 1,600 பார் அழுத்தத்தில் ஊசித் துளை அளவு கசிவு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் 'டீசல் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்லுங்கள், சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் எஞ்சின் அணைந்திருக்கும்போது அதை இறுகும்வரை அமுக்கலாம். மீதியை விட்டுவிடுங்கள்.

கிளீனர் எந்த கம்பெனி நல்லது?

மேலே பாருங்கள்.

டேங்கைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது, இது எப்படி?

பம்ப் மோட்டாரில் பிரஷ் தேய்ந்து, நின்ற இடத்தில் தொடாமல் நின்றுவிடுகிறது. அதிர்ச்சியில் தொட்டுக்கொள்கிறது. இது ஒன்றில்தான் பம்ப் மாற்றுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், இரும்பு வேண்டாம்.

ஐயா, நான் கிளீனர் மூன்று பாட்டில் ஊற்றிவிட்டேன்...

நான்காவது வாங்க வேண்டாம்.

பி0171 கேட்டவன்தான். ஸ்லோவில் டிரிம் 4, மேட்டில் 22. கேஜ் ஸ்லோவில் 3.4 பார், மேட்டில் 2.2க்கு இறங்குகிறது.

அருமை, பெட்ரோல் அழுத்தமே இறங்குவதால் மாஃப் தப்பித்தது. இன்னும் பம்பைக் கழற்றாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் வோல்ட் அளந்து, பேட்டரியோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கனெக்டரைத் தொடும் முன் அங்கே பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்யுங்கள், பொறி ஞாபகம் இருக்கட்டும்.

பேட்டரியில் 14, பம்பில் 10.6. எர்த் வயர் நட்டு பச்சை பூத்திருந்தது. சுரண்டி முறுக்கினேன், 13.5 வருகிறது. மேட்டில் 3.3 பார் நிற்கிறது.

பம்பைப் பெட்டி பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் கோடை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டி டிரிமை இன்னொரு முறை பாருங்கள். அந்த எர்த் நட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.