வாராந்தர கோல்ஃப் குழு: எந்த விதியைத் தளர்த்தலாம்?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை கோல்ஃப் ஆடுகிறோம். நன்றாக ஆடுபவர்களும் உண்டு, புதிதாக வந்தவர்களும் உண்டு. முல்லிகன் (மோசமான அடியைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி அடிப்பது), கிம்மி (குழிக்கு மிக அருகில் உள்ள பந்தை அடிக்காமலே குழியில் விழுந்ததாகக் கொள்வது), தொலைந்த பந்து என்று எதை எடுத்தாலும் வாக்குவாதம். ஆட்டமும் இழுத்துக்கொண்டே போகிறது. எங்களுக்கென்று எளிய விதிகள் வைத்துக்கொள்ளலாமா? அந்த ஸ்கோரை ஹேண்டிகேப்புக்கு (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்ணுக்கு) கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தும் தளர்வு வேறு, ஸ்ட்ரோக்கை (அடி எண்ணிக்கையை) மிச்சப்படுத்தும் தளர்வு வேறு. வாக்குவாதம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் கிளம்பும். நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளோ அதிகாரபூர்வ விதிகளிலேயே நிறைய இருக்கின்றன.

தொலைந்த பந்தையே எடுத்துக்கொள்வோம். தேடுவதற்கு 2019 முதல் 3 நிமிடம்தான்; அதற்கு முன் 5 நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது இது பெரிய தொல்லை. அதற்காகவே அதே ஆண்டில் மாதிரி உள்ளூர் விதி (கிளப்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளும் விதி) ஈ-5 வந்தது. பந்து தொலைந்த இடத்துக்கு, அல்லது எல்லையைத் தாண்டிய இடத்துக்கு நேராக ஃபேர்வே (புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை) ஓரத்துக்கு வந்து, ஹோலுக்கு (குழிக்கு) இன்னும் அருகே போகாமல் பந்தை டிராப் செய்யலாம், அதாவது கையிலிருந்து கீழே விடலாம். ஃபேர்வேக்குள் இரண்டு கிளப் (மட்டை) நீளம் வரை வரலாம். இதற்கு இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. டீயிலிருந்து (ஆட்டம் தொடங்கும் மேடையிலிருந்து) அடித்த முதல் பந்து போய்விட்டதா? டிராப் செய்து அடிப்பது நாலாவது. டீக்குத் திரும்பி நன்றாக அடித்திருந்தாலும் ஃபேர்வேயிலிருந்து நாலாவதுதான் அடித்திருப்பார். யாருக்கும் சலுகை இல்லை, நடை மட்டும் மிச்சம். புரொவிஷனல் பந்து (முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று முன்கூட்டியே அடிக்கும் மாற்றுப் பந்து) அடித்துவிட்டவருக்கு இந்த வழி கிடையாது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கிம்மி. மேட்ச் ப்ளேயில் (ஒவ்வொரு ஹோலாக வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டத்தில்) எதிராளியின் பட் அடியை (குழியை நோக்கி உருட்டும் அடியை) விட்டுக்கொடுக்க விதியே அனுமதிக்கிறது. ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். ஸ்கோரை எங்கும் பதியாத நாளில் கிம்மி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவு ஒன்று வேண்டும். பட்டரின் (பந்தை உருட்டும் மட்டையின்) தலையிலிருந்து கிரிப் (கைப்பிடி) தொடங்கும் இடம் வரை என்பது பல குழுக்களில் உள்ள வழக்கம். சந்தேகம் வந்தால் பட்டரைத் தரையில் வைத்துப் பார்த்துவிடலாம். எடுத்த பந்துக்கு ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

முல்லிகனை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டத்தை நீட்டும், நன்றாக அடித்தவருக்கு அநியாயமும் கூட. புதியவர்களுக்காகத்தான் என்றால் அதைவிட நல்ல வழி ஒரு ஹோலுக்கு (டீ முதல் குழி வரையான ஒரு பகுதிக்கு) அதிகபட்ச ஸ்கோர் வைப்பது. இதுவும் விதிப்புத்தகத்தில் உள்ள ஆட்ட வகைதான். நெட் டபுள் போகி, அதாவது பார் (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை), கூட இரண்டு, அந்த ஹோலில் அவருக்குச் சலுகையாகக் கிடைக்கும் ஹேண்டிகேப் ஸ்ட்ரோக். பார் 4 ஹோலில் ஒரு ஸ்ட்ரோக் கிடைப்பவருக்கு 7. அதை எட்டியதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போய்விடலாம். பங்கரில் (மணல் குழியில்) திணறுபவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா!

தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம் என்பதையும் சேருங்கள். ஸ்ட்ரோக் ப்ளேயில் விதிகளே இதை ஊக்குவிக்கின்றன. மழையில் சேறான ஃபேர்வே என்றால் பந்தை எடுத்துத் துடைத்து 6 அங்குலத்துக்குள், ஹோலுக்கு அருகே போகாமல் வைக்கலாம். ரஃப்பில் (ஃபேர்வேக்கு வெளியே புல் வளர்ந்த பகுதியில்) இது வேண்டாம்.

ஹேண்டிகேப்புக்கு வருவோம். கிம்மியோ முல்லிகனோ கலந்த ஸ்ட்ரோக் ப்ளே ஸ்கோரைப் பதியாதீர்கள். விதி தெரிந்தே அதை மீற ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொண்டால் தகுதிநீக்கம் என்று அதிகாரபூர்வ விதி 1.3பி சொல்கிறது. ஈ-5, பந்தைத் துடைத்து வைப்பது போன்றவை மாதிரி உள்ளூர் விதிகள். அவை அங்கே நடைமுறையில் இருக்கின்றனவா என்று கிளப்பில் கேட்டுக்கொண்டு பதியுங்கள். அன்றைய ஆட்டம் பதிவுக்கா, பொழுதுபோக்குக்கா என்பதை முதல் டீயில் நிற்கும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். நாலைந்து ஹோல் ஆடிய பிறகு மாற்றக் கூடாது.